போன் தூக்கினால் நிற்கும் குதிரை

கோவளம் கடற்கரையில் சீரியல்காரர்கள் குதிரைப் பந்தயம் எடுக்கப் போகிறார்கள் என்ற செய்தி எங்கள் தெருவுக்கு என் மூலமாகத்தான் வந்தது. நான் யாரிடமும் வலியப் போய்ச் சொல்லவில்லை. குழாயடியில் நாலு பேர் நின்றிருந்தார்கள், கேட்டார்கள், சொன்னேன். அவர்கள் கேட்டது இன்றைக்குத் தண்ணீர் எப்போது விடுவான் என்று. அது வேறு விஷயம்.

சீரியலின் பெயர் வேண்டாம். கதையை மட்டும் சொல்கிறேன். மாமியார்க்காரி குடும்ப வீட்டையே ஒரு குதிரைப் பந்தயத்தில் பணயம் வைத்துவிடுகிறாள். அதுவரை அடுப்படியில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்த மருமகள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குதிரை ஏறி வீட்டை மீட்கிறாள். புளி கரைத்த கைக்குக் கடிவாளம் பிடிக்க எப்போது வந்தது என்று கேட்கக் கூடாது. சீரியலில் குதிரைப் பந்தயம் என்றால் அப்படித்தான். குதிரை கொஞ்ச தூரம் ஓடும். மாமியார் முகம், நாத்தனார் முகம், கொழுந்தன் முகம், மறுபடி மாமியார் முகம், விளம்பரம். திரும்பி வந்து பார்த்தால் குதிரை அதே இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

எங்களுக்கு இதில் என்ன அக்கறை என்றால், மருமகள் ஏறப்போகும் குதிரை எங்கள் எதிர்வீட்டு மோசஸ் அண்ணனுடையது. கடற்கரைக்கு வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு மணலில் ஒரு நடை போய்த் திரும்புகிற குதிரை. பெயர் எஸ்தர். வேதாகமத்து ராணியின் பெயரைக் குதிரைக்கு வைக்கலாமா என்று பாஸ்டர் கேட்டதற்கு, "இதுவும் பொம்பள குதிரதானே பாஸ்டர்" என்று பதில் சொன்ன மனிதர் மோசஸ் அண்ணன்.

எஸ்தரை வெள்ளைக் குதிரை என்று சொல்ல எனக்கு மனசு வராது. வடித்த கஞ்சியின் நிறம். வயிறு கொஞ்சம் தொங்கல். ரேஷன் கடை வரிசை நகர்கிற வேகத்தில்தான் நடக்கும். ஓடி யாரும் பார்த்ததில்லை. ஆனால் அதற்கு ஒரு வித்தை தெரியும். யாராவது போனைத் தூக்கினால் உடனே நின்றுவிடும். ஏறுகிறவர்கள் எல்லாரும் போட்டோ கேட்பார்கள், அண்ணன் நிறுத்துவார், எடுத்து முடித்ததும் எஸ்தர் வாயில் ஒரு துண்டு வெல்லம் வைப்பார். இதே பழக்கமாகி, இப்போது நிறுத்தவே வேண்டியதில்லை. போன் மேலே போனால் நிற்கும், முகத்தை இடது பக்கம் திருப்பும், வெல்லத்துக்கு உதட்டை நீட்டும். எங்கள் தெருவில் கல்யாணப் பெண்ணுக்குக்கூட அவ்வளவு அழகாக நிற்கத் தெரியாது.

மோசஸ் அண்ணன் மகள் ஜாய்ஸ் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு சிறுசேரி கம்ப்யூட்டர் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற பெண். கம்பெனி கார் வருவதற்கு முன்னால், விடியும் நேரத்தில், எஸ்தரை மணலில் விரட்டி ஓட்டுவதாக அவள் ஒருநாள் சொன்னபோது தெருவே சிரித்தது. அந்த நேரத்தில் யார் எழுந்து போய்ப் பார்க்கிறது?

சீரியலில் கதாநாயகிக்கு டூப் என்றால் விக் வைத்த ஆம்பளைதான். அதற்கென்று பார்த்திபன் என்ற ஒரு ஒல்லிப் பையனை அழைத்து வந்திருந்தார்கள். பாவாடை, தாவணி, கைநிறைய வளையல், மேலே மீசை. தூரத்தில் மீசை தெரியாதாம். ஜாய்ஸ் லீவு போட்டுவிட்டு வந்து, ஸ்டண்ட் மாஸ்டர் கோபாலகிருஷ்ணன் முன்னால் நின்றாள்.

"எங்க குதிர மாஸ்டர். நான் ஓட்றேன்."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஓட்டு. இன்னிக்கு வெளிச்சம் போறதுக்குள்ள ஷாட் ஓகே ஆச்சுன்னா பந்தய சீன் மொத்தமும் நீதான். ஆவலன்னா பார்த்திபன். அப்புறம் வந்து அழக் கூடாது."

நான் அவளை ஓரமாக இழுத்தேன். "இன்னாத்துக்குடி உனுக்கு இந்த வேல? டிவியில உன் மூஞ்சிகூட வராது."

"என் மூஞ்சி வேணாம் ஜெஸ்ஸி அக்கா. எல்லாரும் எஸ்தர நடக்குற குதிரன்னே நெனச்சிகினு கீறாங்க. ஒரு வாட்டி அது ஓட்றத பாக்கட்டும்."

அடுத்து அவள் அப்பாவிடம் போனேன். எனக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும். "அண்ணே, போன் தூக்குனா நிக்கும்ன்றத மாஸ்டராண்ட சொல்ட்டியா?"

"கொஞ்சம் வாய மூடிகினு இரும்மா. அது போனுக்குத்தான் நிக்கும். இவங்க காமெரா பெருசு. அத பாத்தா காமெரான்னே அதுக்குத் தெரியாது."

வாயை மூடிக்கொண்டு இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தேதான் மனிதர் அப்படிச் சொன்னார்.

மதியத்துக்கு மேல் ஊரே கடற்கரையில் நின்றது. சர்ச் தெரு, மசூதித் தெரு, குப்பத்து ஜனம் எல்லாம். கதாநாயகி ஓடுகிற குதிரையில் ஏற மாட்டார் என்பதால் அவருக்கு ஒரு குட்டியானை, அதுதான் அந்தச் சின்ன லோடு வண்டி. அதன் பின்னால் டிரம் ஒன்றைப் படுக்க வைத்து, மேலே சேணத்தைக் கட்டியிருந்தார்கள். அம்மா அதில் ஏறி உட்கார்ந்தார். இரண்டு பேர் டிரம்மை ஆட்டினார்கள், ஒருத்தர் தலைமுடி பறக்க ஃபேன் பிடித்தார். குட்டியானைமேல் உட்கார்ந்து குதிரைப் பந்தயம் ஜெயிக்கிற ஒரே ஆள் உலகத்தில் நம் கதாநாயகிதான் என்று நான் சொல்ல, பக்கத்தில் நின்ற மீன்காரி சின்னப்பொண்ணு வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தாள்.

வில்லன் தரப்புக்கு இரண்டு பழுப்புக் குதிரைகள் சென்னையிலிருந்து வந்திருந்தன. உடம்பெல்லாம் பளபளவென்று, கான்வென்ட் பிள்ளைகள்போல. பந்தயம் இப்படி: அவை முன்னால் ஓட வேண்டும், எஸ்தர் பின்னால் வர வேண்டும், கரையேற்றி வைத்திருக்கும் படகுகளுக்குப் பக்கத்தில் இரண்டையும் தாண்ட வேண்டும். அவ்வளவுதான்.

முதல் தடவை பந்தயம் கிளம்பியது. மோசஸ் அண்ணன் சொன்னது உண்மை. பெரிய காமெராவை எஸ்தர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் படகுகளுக்குப் பக்கத்தில் நின்ற நாங்கள் என்ன செய்தோம்? நம்ம ஜாய்ஸ் வருகிறாளே என்று ஊர் மொத்தமும் போனைத் தூக்கியது. வேகம் பிடிப்பதற்கு முன்னாலேயே எஸ்தர் அப்படியே நின்றது. ஜாய்ஸ் அதன் கழுத்தில் போய் விழுந்தாள். குதிரை இடது பக்கம் முகத்தைத் திருப்பி உதட்டை நீட்டியது.

மாஸ்டர் மெதுவாக நடந்து வந்தார். "இன்னா நைனா இது, குதிர போஸ் குடுக்குது?"

மோசஸ் அண்ணன் வேட்டி மடிப்பை அவிழ்த்து மறுபடி கட்டினார். விஷயம் வெளியே வந்தது. மைக்கில் சொன்னார்கள்: யாரும் போன் எடுக்கக் கூடாது.

இரண்டாவது தடவை ஒருத்தரும் எடுக்கவில்லை. எஸ்தர் படகுகள் வரை வந்தது. பழுப்புக் குதிரைகளை எட்டிப் பிடிக்க வேகம் எடுக்கப் போகிற நேரத்தில் சட்டென்று நின்று, அழகாக முகத்தைத் திருப்பியது. எந்தப் பாவி என்று எல்லாரும் தேடினோம். குட்டியானைமேல் கதாநாயகி, பின்னால் பந்தயம் தெரிகிற மாதிரி, தன்னைத்தானே படம் எடுத்துக்கொண்டிருந்தார். மைக்கில் சொன்னது ஊராருக்கு என்று நினைத்துக்கொண்டாராம்.

அவரை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. மாஸ்டர் வானத்தைப் பார்த்தார். சவுக்குத் தோப்பின் நிழல் மணலில் பாதிவரை வந்துவிட்டிருந்தது.

"பார்த்திபா, விக்க மாட்டு. அந்தப் பழுப்புக் குதிரைல ஒண்ண எட்த்துக்கோ."

"இன்னும் ஒரே வாட்டி மாஸ்டர்" என்றாள் ஜாய்ஸ். குரல் இறங்கிவிட்டது.

"உன்ன நான் கொற சொல்லல தாயி. உங்க ஊர் ஜனத்தால போன தூக்காம நிக்க முடியுமா? நீயே சொல்லு."

ஜாய்ஸ் எங்களைப் பார்த்தாள். அப்போதுதான் சின்னப்பொண்ணு தன் மீன்கூடையைக் கவிழ்த்துத் தட்டினாள். உள்ளே தன் மேல்துண்டை விரித்து, முதலில் தன் போனைப் போட்டாள். அப்புறம் என் முன்னால் வந்து நின்றாள். அவள் பார்த்த பார்வைக்கு நானும் என் போனைப் போட்டேன். கூட்டத்துக்குள் கூடை போயிற்று. போலீஸ்காரர் ஒருத்தர் போட்டார், பாஸ்டர் போட்டார். கடைசியில் அவள் குட்டியானை பக்கத்தில் போய்க் கூடையை உயர்த்தினாள்.

"போடு கண்ணு. மீன் நாத்தம்தான். தொடச்சா போய்டும்."

கதாநாயகி மாஸ்டரைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார், இரண்டு விரலால் போனைப் பிடித்துக் கூடைக்குள் விட்டார். சரி, இன்னும் ஒரு தடவை என்று மாஸ்டர் கையைத் தூக்கினார். பார்த்திபன் விக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

குதிரைகள் தூரத்துக்குப் போய்ப் புள்ளியாக நின்றன. எனக்குக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சுற்றிப் பார்த்தால் எல்லாருக்கும் அதே பாடு. ஒருத்தர் கட்டிக்கொண்டார், ஒருத்தர் பின்னால் மறைத்தார். கடல் சத்தம் கேட்டது. இத்தனை வருஷம் இங்கேயே இருக்கிறேன், அது அவ்வளவு சத்தம் போடும் என்று எனக்குத் தெரியாது.

முதலில் காதில் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளங்காலில்தான் வந்தது. மணலுக்கு அடியில் யாரோ இடிப்பதுபோல. அப்புறம் பழுப்புக் குதிரைகள் இரண்டும் தெரிந்தன. நன்றாகத்தான் ஓடின, குறை சொல்ல முடியாது. அவற்றுக்குப் பின்னால், அலை நனைத்துவிட்டுப் போன கெட்டி மணலில், ஒன்று தாழ்ந்து வந்தது. அது எஸ்தர் என்று புரிய எனக்கு நேரமாயிற்று. தொங்கின வயிற்றைக் காணோம். கழுத்து நீண்டு, முதுகு நீண்டு, உடம்பே ஒரே கோடாக இருந்தது. ஜாய்ஸ் அதன்மேல் உட்கார்ந்திருக்கவில்லை. அதன் பிடரிக்குள் படுத்து, அதன் மூச்சையே தானும் விட்டுக்கொண்டு வந்தாள். நான்கு காலும் ஒருசேரத் தரையை விட்டுவிடுகிற ஒரு கணம் இருக்கிறது. குதிரைக்கும் அதன் நிழலுக்கும் நடுவே ஒன்றுமே இல்லை. அது திரும்பத் திரும்ப வந்தது. படகுகள் கிட்டே பழுப்புக் குதிரைகளைத் தாண்டியபோது, தாண்டியது என்றுகூடச் சொல்ல முடியாது. அவை நிற்பதுபோல இருந்தது. தெறித்த தண்ணீர் என் முகத்தில் அடித்தது. நான் துடைக்கவில்லை. சின்னப்பொண்ணு என் கையைப் பிடித்திருந்தாள். கூடைக்குள் யாருடைய போனோ அடித்துக்கொண்டே இருந்தது.

'கட்' சொல்ல மாஸ்டர் மறந்துவிட்டார். எஸ்தர் காமெராவைத் தாண்டி, குட்டியானையைத் தாண்டி, மாமல்லபுரம் பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தது. டிரம்மேல் உட்கார்ந்திருந்த கதாநாயகி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அது போன திசையையே பார்த்தார். அவரை ஆட்ட வேண்டியவர்களும் ஆட்டவில்லை.

ஒருத்தரும் கைதட்டவில்லை. கோவிலில்கூட எங்கள் ஊர் அப்படி நின்றதில்லை.

மாஸ்டர் மோசஸ் அண்ணனிடம் போனார். "யோவ், இத்தயா இத்தன வருசம் நடக்க வெச்சிகினு இருந்த?" ஜாய்ஸ் குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து திரும்பி வந்தபோது மாஸ்டர் அவளிடம் சொன்னது கொஞ்சம்தான். "நாளைக்குக் காலைல வந்துடு. எல்லா ரேஸும் நீதான்."

அவள் தலையை ஆட்டினாள். அப்படியே மணலில் உட்கார்ந்தாள். எஸ்தர் அவள் தலைக்கு மேல் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது.

"ஜெஸ்ஸி அக்கா" என்றாள். "எப்டி ஓட்ச்சி?"

"இன்னாடி கேள்வி இது? மேல குந்திகினு இருந்தவ நீ."

"மேல இருந்தா பிடரியும் காதும்தானே தெரியும். எஸ்தர் ஓட்றத நான் பாத்ததே இல்லக்கா."

அப்போது மோசஸ் அண்ணனும் வந்து பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "எனுக்கும் சொல்லும்மா. கிளம்புனதும் கண்ண மூடி ஜெபத்துல நின்ட்டேன். தொறக்கறதுக்குள்ள முடிஞ்சிபோச்சி."

நானும் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டுச் சண்டையை ஊர்ச் சண்டையாக்கிச் சொல்கிறவள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. உள்ளங்காலில் முதலில் வந்ததிலிருந்து ஆரம்பித்தேன். ஒரு இடத்திலும் கூட்டிச் சொல்லவில்லை. கூட்டிச் சொல்ல அதில் இடமே இல்லை.