கேரியர் விதிக்கு எதிராக ஓர் உண்மைச் சம்பவம்

1

இது கதையாகத் தொடங்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ஒரு மனு. நைரோபியில் இருக்கும் அதிகாரிகளுக்கு எங்கள் சைக்கிள் வியாபாரிகள் சங்கம் அனுப்ப வேண்டிய மனு. சங்கத்தின் தலைவன் நான். செயலாளர் அபோண்டி, சந்தையில் செயினும் பிரேக் கட்டையும் விற்கிறவள். திங்கட்கிழமை என் கடைக்கு வந்தாள். உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்தாள்.

"பெரியவரே, சட்டப் பிரிவு, இறக்குமதி வரி எல்லாம் நான் எழுதிட்டேன். நீங்க ஒரே ஒரு உண்மைச் சம்பவம் எழுதிக் குடுங்க. ஒரு பக்கம் போதும்."

"எதுக்கு?"

"வெறும் கணக்கைப் பாத்தா அதிகாரிங்க கொட்டாவி விடுவாங்க. சம்பவம்னா கொஞ்சம் நிமிந்து உக்காருவாங்க. பிரசவ வலியில ஒரு பொண்ணு, நம்ம ஆளு சைக்கிள்ல வெச்சு ஆஸ்பத்திரிக்கு—"

"அந்தப் பொண்ணு எல்லா மனுவுலயும் வர்றா. எத்தனை தடவைதான் அவ பெத்துக்குவா?"

சிரித்துவிட்டாள். "அப்ப நீங்களே பாத்து எழுதுங்க. வெள்ளிக்கிழமை சாயங்கால பஸ்ல போயாகணும். அதோட மனு வாங்கறதை நிறுத்திடுவாங்க."

அந்த ஒரு பக்கம்தான் இப்படி ஆகிவிட்டது.

2

முதல் தொடக்கம்: "மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் பகுதியில் சைக்கிள் என்பது" —

எங்கள் பகுதியில் சைக்கிள் என்பது சைக்கிள்தான். விட்டுவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: "ஏரிக்கரை ஊர் ஒன்றில் ஒடுவோல் என்று இரும்பு பற்றவைப்பவன் ஒருவன் இருந்தான். தொழிற்சாலையிலிருந்து வரும் சைக்கிளின் கேரியர் ஒரு பள்ளிக்கூடப் பையைத்தான் தாங்கும். அதற்குக் கட்டடக் கம்பியால் தாங்குகால் வைத்து ஒடுவோல் பற்றவைத்துக் கொடுத்த பிறகுதான் மக்கள் அதை வாங்குவார்கள். பற்றவைத்து மாற்றிய சைக்கிளை இனி விற்கக் கூடாது, விற்றால் கடையின் உரிமம் போகும் என்று ஒரு வரைவு விதி வந்தது."

விதியைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஆளை நம்ப முடியவில்லை. இந்த ஒடுவோலுக்கு ஒரு காலை நொண்டியாக்கினேன், பிறகு சரிசெய்தேன். கிசுமு நகரில் ஒரு மனைவியைக் கொடுத்தேன், பிறகு பிடுங்கிக்கொண்டேன். எதைச் செய்தாலும் அவன் தேநீர் குடிக்கும்போது வெல்டிங் முகமூடியைத் தலைக்கு மேலே தள்ளிவிட்டு, கொம்பு முளைத்தவன் போலவே உட்கார்ந்திருக்கிறான். அப்படி உட்காருகிறவன் ஒருவன்தான். அவன் பெயர் ஓர்வா. என் தம்பி. அவன் பட்டறை என் கடைச் சுவருக்கு அந்தப் பக்கம்.

(எங்கள் ரண்டிக்கி வீட்டுப் பெயரை வெளியாரின் காகிதத்தில் எழுதுவது இதுவே முதல் தடவை. என் தந்தை ரண்டிக்கி பார்த்திருந்தால் பேனாவைப் பிடுங்கியிருப்பார்.)

விதி வந்தால் நான் மாற்றாத சைக்கிளை விற்கலாம். வாங்கத்தான் ஆள் இருக்காது. ஓர்வாவுக்கு அதுவும் இல்லை. அவனுக்குத் தெரிந்தது பற்றவைப்பது மட்டும்.

3

சில வாரங்களுக்கு முன்பு, மக்கள் கருத்தைக் கேட்க மாவட்ட மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். ஆளுக்கு ஒரு சோடாவும் ரொட்டியும் கொடுத்தார்கள். தலைநகரிலிருந்து வந்த அதிகாரி இளம்பெண், கெட்டவள் இல்லை. கெட்டவளாக எழுதினால் மனுவுக்கு நல்லதல்ல, கதைக்கும் நல்லதல்ல. பற்றவைப்பு விட்டுப்போன கேரியர்களின் படங்களைக் கொண்டுவந்திருந்தாள். ஒரு படத்தில் கை உடைந்த குழந்தை இருந்தது. அதை யாரும் இரண்டாம் தடவை பார்க்கவில்லை.

எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து வெங்காய மூட்டை, கரி மூட்டை, சோள மூட்டை என்று சொல்லிக்கொண்டே போனார்கள். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"வெங்காய மூட்டை விழுந்தா வெங்காயம்தான் போகும். விழுந்தா என்னால தாங்கவே முடியாதுன்னு நீங்க நினைக்கிற எதையாவது அந்தக் கேரியர்ல ஏத்தியிருக்கீங்களா? இருந்தா சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

"என் மாமியாரை ஏத்தினேம்மா!" என்றது பின்வரிசையில் ஒரு குரல். "கடைசி வரைக்கும் விழல. அந்த வருத்தம் இன்னும் இருக்கு."

மண்டபம் அதிர்ந்தது. அவளும் சிரித்தாள். சிரிப்பு அடங்கியபோது ஓர்வா நின்றுகொண்டிருந்தான்.

அவன் அதிகாரியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

"அண்ணே, நான் சொல்லட்டுமா?"

*

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: எங்களிடையே, மூத்தவன் சபையில் இருக்கும்போது வீட்டுச் சங்கதியை இளையவன் வாய் திறந்து சொல்வதில்லை. மூத்தவன் தலையசைக்க வேண்டும். இதை அந்த அதிகாரி அறிந்திருக்க நியாயமில்லை. "பேசுங்க, நேரமாகுது" என்று அவனையே தூண்டிக்கொண்டிருந்தாள்.)

*

நான் எழுந்தேன். டயர் மீதான இறக்குமதி வரியைப் பற்றிப் பேசினேன். நன்றாகவே பேசினேன், கைதட்டினார்கள். உட்கார்ந்து திரும்பிப் பார்த்தபோது அவன் நாற்காலியில் திறக்காத சோடா மட்டும் இருந்தது.

4

அவன் சொல்லவிருந்தது இது.

எங்கள் அம்மா கிசுமு ஆஸ்பத்திரியில் —

மழைக்காலம். அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவர —

(எழுதுகிறேன். அவசரப்படுத்தாதீர்கள்.)

எங்கள் அம்மா கிசுமு ஆஸ்பத்திரியில் இறந்தாள். பெருமழைக் காலம். சவப்பெட்டியோடு என்னையும் ஏற்றிவந்த வண்டி ஆற்றங்கரையோடு நின்றுவிட்டது. பாலத்தை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. ஆட்கள் நடக்கும் மரப்பாலம் ஒன்றுதான் மிச்சம். வண்டிக்காரன் பெட்டியைக் கரையில் இறக்கி வைத்துவிட்டு, பேசிய பணத்தை முழுதாக வாங்கிக்கொண்டு திரும்பிப் போய்விட்டான். எதிர்கொண்டு அழைக்க ஓர்வா சைக்கிளில் வந்திருந்தான். அவனே பற்றவைத்த கேரியர். பழைய டியூபை வாராக வெட்டி எப்போதும் அதில் சுற்றி வைத்திருப்பான். பெட்டியை ஏற்றி அந்த வார்களால் கட்டினான். அவன் ஹேண்டிலைப் பிடித்துத் தள்ளினான். நான் பின்னால் பலகையில் கை வைத்து நடந்தேன். மரப்பாலம் முனகியது. கேரியர் முனகவில்லை.

வழியெல்லாம் சேறு. அவன் ஒரு தடவைதான் பேசினான். "அம்மா எடை ரொம்பக் குறைஞ்சிடுச்சுண்ணே."

வீட்டுக்குச் சற்று முன்னால், தேவாலயத் திருப்பத்தில், நான் நிறுத்தச் சொன்னேன். ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவருக்கு பிக்கப் வண்டி இருந்தது. நானே போய் அவரை அதோடு அழைத்துவந்தேன்; பெட்டியை மாற்றினோம். வாசலில் அழுதுகொண்டு நின்ற கூட்டம், ரண்டிக்கியின் மனைவி வண்டியில் வந்து இறங்கியதைத்தான் பார்த்தது. இன்றும் ஊர் அப்படித்தான் சொல்கிறது. அந்த அண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டார். தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான்.

வார்களை அவிழ்க்கும்போது ஓர்வா கேட்டான்: "ஏண்ணே, இதுலயே அம்மா நல்லாத்தானே வந்தா?"

"வாரைச் சுருட்டி வை" என்றேன்.

அப்போது செய்தது சரி என்றே இப்போதும் சொல்கிறேன். எங்கள் பக்கம் சைக்கிளில் வருவது கரி. ஒரு மனுஷி கடைசியாக எப்படி வீடு வந்தாள் என்பதை ஊர் மறப்பதில்லை. பேரப் பிள்ளைகளின் கல்யாணப் பேச்சில்கூட அதை இழுப்பார்கள்.

5

கூட்டத்துக்குப் பிறகு ஓர்வா மதியச் சாப்பாட்டுக்கு வருவதில்லை. என் மனைவி இறந்துபோனதிலிருந்து தினமும் நாங்கள் இருவரும்தான் சாப்பிடுவோம். பிள்ளைகள் நைரோபியில். சோளமாவு உகாலிக் களியைக் கிண்டுகிறவன் நான். மீனைக் குறை சொல்கிறவன் அவன். இப்போதும் பழக்கத்தில் அதிகமாகவே கிண்டிவிடுகிறேன். மிஞ்சியது மாலையில் கோழிகளுக்குப் போகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் சாணைக்கல்லின் சத்தம் கேட்கிறது. நான் இருமினால் அது நிற்கிறது. பிறகு மறுபடி கேட்கிறது.

இந்த நிலையில்தான் சம்பவத்துக்கு முடிவு எழுத உட்கார்ந்தேன்.

மனுவுக்கு ஏற்ற முடிவு: நான் தலையசைக்கிறேன், தம்பி பேசுகிறான், அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள், விதி கைவிடப்படுகிறது. நடக்காததை அரசாங்கத்துக்கு எழுதுகிற குடும்பம் இல்லை எங்களுடையது. அடித்துவிட்டேன்.

அடுத்ததாக, வீட்டுக்கு ஏற்ற முடிவு. இதில் ஒரு வார்த்தையை மட்டும் மாற்றினால் போதும் என்று தோன்றியது. ஆறு, மரப்பாலம், டியூப் வார் எல்லாம் அப்படியே இருக்கட்டும். "எங்கள் அம்மா" என்ற இடத்தில் "பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் தாய்" என்று எழுதினேன். மனு நன்றாகத்தான் இருந்தது. மையும் காய்ந்துவிட்டது. பிறகு படித்துப் பார்த்தேன். யாரோ முகம் தெரியாதவன் என் அம்மாவின் பெட்டியில் கை வைத்து நடந்துகொண்டிருந்தான்.

ரண்டிக்கி வீட்டுப் பெண் வண்டியில்தான் வீடு வர வேண்டும். அதில் எனக்கு இன்றும் மாற்றமில்லை. ஆனால் ரண்டிக்கி வீட்டுப் பெண்ணை, செத்த பிறகு, இன்னொரு வீட்டுக்குத் தாயாகக் கொடுக்கவும் முடியாது. அதற்கு இந்தச் சேறே மேல். "எங்கள் அம்மா" என்று திருப்பி எழுதினேன்.

6

இன்று வெள்ளிக்கிழமை. அபோண்டி எதிரே உட்கார்ந்து தேநீரை ஊதிக் குடித்துக்கொண்டிருக்கிறாள். நான் இந்தக் கடைசித் தாளை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

"ஒரு பக்கம்தான் கேட்டேன்" என்கிறாள், மற்றத் தாள்களைப் புரட்டிக்கொண்டே. பிறகு புரட்டுவதை நிறுத்துகிறாள். நான்காம் பகுதியில் இருக்கிறாள் என்று நினைக்கிறேன். தேநீர் ஆறுகிறது.

"பெரியவரே... இதை அனுப்பலாமா?"

"அவனுக்கும் அம்மாதான். அவன் சம்மதிக்கணும். கொண்டுபோய்க் குடு."

"சுவருக்கு அந்தப் பக்கம்தானே இருக்காரு. நீங்களே போய்க் கேளுங்களேன்."

"மூத்தவன் தம்பி வாசல்ல போய் நின்னு கேக்கறதில்ல."

"அப்ப இது கேக்கறது இல்லாம வேற என்னவாம்?"

"மனு."

"ஆமா, மனு" என்கிறாள், சிரிக்காமல்.

"வெல்டிங் வெளிச்சம் பட்டுப் பட்டு அவனுக்குக் கண்ணு சரியில்ல. நீ படிச்சுக் காட்டு."

"அடிச்சதையுமா?"

"அடிச்சதையும்."

இனி நடக்கப்போவதை நான் எழுத முடியாது; தாள் அவள் கையில் போய்விடும். ஆனால் இவ்வளவு தெரியும். ஓர்வா சம்மதித்தால் அவள் அங்கிருந்து நேரே பஸ் நிலையத்துக்குப் போய்விடுவாள், நேரம் அவ்வளவுதான் இருக்கிறது. மறுத்தால் தாள்களோடு இங்கே திரும்பி வருவாள். ஆகவே இன்று மாலை என் வாசலில் காலடிச் சத்தம் கேட்கக் கூடாது என்று விரும்பியபடி நான் உட்கார்ந்திருக்க வேண்டும். அதில் எனக்குப் பழக்கம் உண்டு. விரும்பாமலே பல நாட்களாக அவன் காலடிச் சத்தம் கேட்காமல்தான் இருக்கிறது.

நீங்கள் அதிகாரியோ, வேறு யாரோ, இதைப் படிக்கிறீர்கள் என்றால் அவன் சம்மதித்துவிட்டான். சத்தம் கேட்காததை வைத்து எனக்கும் அது தெரிந்திருக்கும். விதி என்ன ஆகும் என்பது உங்கள் கையில்.

மூன்றாவதாக இன்னொன்றும் நடக்கலாம். தாளை பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டு, அவன் —

இல்லை. அது மூத்தவன் எழுதக் கூடாத வாக்கியம். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எழுதுவதானால் ஒன்று மட்டும்: வாசலில் நின்று "அண்ணே, வரட்டுமா?" என்று அவனைக் கேட்க வைக்காதீர்கள். நேரே உள்ளே வரட்டும்.