சரிவில் அளந்தது

"அய்யா, இந்த ஒரு தடவை மட்டும் சங்கிலிய மண்ணுல போட்டுருங்க" என்றான் மாடசாமி.

பதினோரு வருஷமாக, சர்வேயர் லியோனார்ட் ஒரு முனையைப் பிடித்தால் சங்கிலியின் மறுமுனை அவன் கையில்தான். வேலைக்கு வந்த முதல் நாள் அவர் சொல்லிவைத்ததும் இதைத்தான். மலைச்சரிவில் சங்கிலி மண்ணில் படுக்கக் கூடாது. மட்டமாக இழுத்துப் பிடித்து, முனையிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது தொடுகிற இடத்தில் முளை அடிக்க வேண்டும். மண்ணில் படுக்கப் போட்டு அளந்தால் நீளம் ஏறும், ஏக்கர் கூடிவிடும்.

அந்தக் கூடுதலைத்தான் மாடசாமி இப்போது கேட்டான்.

மலாயாவில், ரிங்லெட் ஊருக்கு மேலே அந்தத் தோட்டத்தில், தேயிலையைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி போடு என்று ஜப்பான்காரன் உத்தரவு போட்டிருந்தான். ஏக்கருக்கு ஓர் ஆம்பளை தோட்டத்தில் இருக்கலாம். மிச்சப்பேர் சயாமுக்கு, ரயில் பாதை போட. கூலிகள் குடியிருந்த லயத்தில் ஆம்பளைகள் நாற்பத்தொரு பேர். ஆள் மிஞ்சினால் பேர் நம்பரில் கடைசியாக இருப்பவர்கள் லோரி ஏற வேண்டும். சர்வே ஆபீஸ் மூடிய பிறகு தோட்டத்தில் பேர் பதிந்தவன் மாடசாமி. அவன் நம்பர் நாற்பத்தொன்று.

மட்டமாக அளந்ததில் மலை முப்பத்தாறு ஏக்கர்தான் வந்தது.

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி அமல்தாஸ் வெற்றிலை இல்லாத வாயை மென்றுகொண்டே மேலே ஏறி வந்தார்.

"என்ன தம்பி, இன்னும் யோசனையா?"

"யோசிக்க என்ன இருக்கு கிராணியாரே. மலை முப்பத்தாறு" என்றார் லியோனார்ட்.

"மரவள்ளிய எங்க நடப்போறாங்க? மண்ணுலயா, இல்ல உங்க குண்டு தொங்குற ஆகாசத்துலயா?"

மாடசாமி சிரித்துவிட்டான். லியோனார்டுக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. கொஞ்ச நாளாகவே அவருக்கு எதுவும் வருவதில்லை.

"லைசென்ஸ் வாங்குறப்ப சத்தியம் பண்ணிருக்கேன். உள்ளத உள்ளபடி எழுதுவேன்னு."

"யாருகிட்ட? அந்தத் துரைங்கல்லாம் சிங்கப்பூர் ஜெயில்ல பேன் பாத்துக்கிட்டுக் கெடக்கானுங்க. யாரு வந்து உங்க லைசென்ஸப் புடுங்கப் போறா? எழுதுங்க லா!"

மாடசாமியின் பெண்சாதி தங்கம்மா டப்பாவில் பாலில்லாத வரத் தேயிலைத் தண்ணீர் கொண்டுவந்திருந்தாள். அதைச் சர்வேயர் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"அய்யா, போன லோரில ஏறுனவங்க ஒருத்தங்ககிட்டருந்தும் ஒரு சேதி இல்ல" என்றாள்.

லியோனார்ட் தண்ணீரைக் குடித்து முடித்தார்.

"போடு" என்றார்.

"எங்கய்யா?"

"மண்ணுல."

இரண்டு நாள் அளந்தார்கள். பழக்கதோஷத்தில் மாடசாமி அடிக்கடி சங்கிலியைத் தூக்கிவிடுவான்.

"படுக்கப் போடுடா."

"கை கேக்க மாட்டேங்குதுய்யா."

முடிவில் நாற்பத்தொன்று வந்தது.

"பாத்தீங்களா, ரெண்டு நாள்ல மலை வளந்துருச்சு!" என்று கிராணி தொடையில் தட்டினார்.

அன்றைக்கே லியோனார்ட் படம் போட்டார். ஏக்கரை எழுதினார். படத்தின் கீழே எப்போதும் ஒரு சின்னக் கட்டம் உண்டு, எப்படி அளந்தது என்று எழுத. அதை அவர் ஒருநாளும் காலியாக விட்டதில்லை. 'சரிவில் அளந்தது' என்று இங்கிலீஷில் எழுதினார். ஏக்கரும் பொய்யில்லை, விதமும் பொய்யில்லை, இனிக் கையெழுத்துப் போடலாம் என்று தோன்றியது. போட்டார். அமல்தாஸ் ஏக்கரை மட்டும் பார்த்துவிட்டுப் படத்தைச் சுருட்டிக்கொண்டார்.

நாலாம் நாள் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். ஜப்பான் அதிகாரி மேசையில் படத்தை விரித்து வைத்திருந்தான். அவன் விரல் அந்தக் கட்டத்தில் நின்றது.

"நானும் சண்டைக்கு முந்தி ஊர்ல நிலம் அளந்தவன்" என்றான், உடைந்த இங்கிலீஷில். "சரிவு எத்தனை டிகிரி?"

கிராணி செருப்பு நுனியால் லியோனார்டின் காலை மிதித்தார். அஞ்சு என்று சொல்லியிருக்கலாம். பத்து என்றாவது சொல்லியிருக்கலாம். டிகிரி கேட்டால் டிகிரி சொல்லியே பழகிய வாய்.

"இருபத்தெட்டு."

அதிகாரி பென்சிலை எடுத்தான். படத்தின் ஓரத்திலேயே கணக்குப் போட்டான். முப்பத்தாறு என்று எழுதி அடியில் கோடு இழுத்தான்.

"நல்ல சர்வேயர். நீ மறைக்கல" என்று ஒரு சிகரெட் பெட்டியை நீட்டினான். லியோனார்ட் வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்ததும் அமல்தாஸ் கேட்டார்: "அத ஏன்யா எழுதித் தொலச்சீங்க?"

"கட்டம் காலியா இருந்துச்சு."

"அவன் கேட்டப்பவாவது?"

"கேட்டான்."

அமல்தாஸ் அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு லயத்துப் பக்கம் இறங்கிப் போனார், ஐந்து வீட்டுக்குச் சொல்ல.

மலையடியில் தாப்பா ஊருக்குப் போகிற லோரி மறுநாள் காலையில் வந்தது. மாடசாமி ஒரு சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தான். லியோனார்ட் சிகரெட் பெட்டியை அவன் சட்டைப் பையில் வைத்தார். இன்னும் பிரிக்காத பெட்டி.

"அய்யா, ரெண்டு நாள் மண்ணுல கெடந்த சங்கிலி. எண்ணெ போட்டு வைங்க, துருப்புடிச்சுரும்."

"சரி."

"மறந்துராதீங்க."

"சரிடா."

லோரி வளைவில் திரும்பியது. பெண்கள் அழுதார்கள். லியோனார்ட் வீட்டுக்குப் போய்ச் சங்கிலிக்கு எண்ணெய் போட்டார்.

திங்கட்கிழமை அடுத்த மலையை அளக்க உத்தரவு வந்தது. ஆம்பளையை விட முடியாது என்று கிராணி ஒரு பெண்ணாளை அனுப்பியிருந்தார். தங்கம்மாதான் வந்தாள். கண் வீங்கியிருந்தது. மறுமுனையைக் கையில் எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கி நின்றாள்.

"அய்யா, இத மட்டமாப் புடிக்கணுமா, மண்ணுல போடணுமா?"

அவளுக்குத் தெரியாதா என்ன. லயத்தில் இப்போது எல்லோருக்கும் தெரியும். லியோனார்ட் தூக்குக்குண்டைப் பார்த்தார். காற்றே இல்லை. அது ஆடாமல் தொங்கியது.

"மட்டமா" என்றார்.

அவள் நெஞ்சு உயரத்துக்குத் தூக்கினாள்.

"இன்னும் மேல."

தலைக்கு மேல் தூக்கினாள்.

"இன்னும் கொஞ்சம்."

"எனக்கு அவர் ஒசரம் இல்லய்யா" என்றாள் தங்கம்மா.