காரல் போடாத கொழுக்கட்டை

“கோழிக்கு யாராவது இட்லிச் சட்டியில கொழுக்கட்டை அவிப்பாகளா? எனக்கு ஒரு நாளாவது அவிச்சுத் தந்திருக்கியா?”

“நீங்க முட்டை போடுங்க, தாரேன்.”

இன்னாசி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தார். மனைவி அருள்மேரி ஒரு காரியத்தில் இறங்கிவிட்டால் அவளோடு வழக்காடுவதைவிடக் காற்றுக்கு எதிராக வள்ளம் விடுவது சுலபம் என்று அவருக்குத் தெரியும்.

கார்த்திகை பாதி கழிந்து வடகாத்து தங்கச்சிமடத்துத் தென்னைகளை ஆட்டி எடுத்துக்கொண்டிருந்தது. மழை விட்டும் ஈரம் விடவில்லை. அருள்மேரியின் கோழிகள் இறகைப் பந்தாக உப்பிக்கொண்டு கூண்டிலேயே கிடந்தன. முட்டை அறவே நின்றுபோயிற்று. மற்ற வருசமென்றால் குளிர் போனதும் தானாக இடும் என்று விட்டிருப்பாள். இந்த வருசம் அனிட்டா வந்திருக்கிறாள்.

அனிட்டா ஒரே மகள். சிவகங்கைப் பக்கம் கட்டிக்கொடுத்தது. வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்தவளுக்கு மசக்கை இன்னும் விடவில்லை, மீனைக் கண்டாலே ஓங்கரிப்பு. கடலோரத்தில் மீன் இல்லாத சமையலா? ரசமும் சோறுமாக ஒரு பிடி அள்ளிவிட்டு எழுந்துவிடுவாள். பிள்ளை எடை பத்தாது, முட்டையாவது கொடுங்கள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். கடை முட்டை மாமியார் வீட்டில் தின்று தின்று வெறுத்துப்போயிற்று. “நம்ம வீட்டு முட்டைன்னா உள்ள போகும்மா” என்று அவள் வாய்விட்டுக் கேட்ட நேரம் பார்த்துத்தான் கோழிகள் வேலைநிறுத்தம் செய்தன.

அனிட்டாவின் மாமியார் ஞானசவுந்தரி போனில் சொன்னார். “அங்கன வாய்க்கு ஒத்துக்கலைன்னா பொங்கல் கழிச்சு நானே வந்து கூட்டிக்கிறேன் மதினி. இங்கனயே பேறு பாத்துக்கிருவோம். இதுல சங்கடப்பட என்ன இருக்கு?”

நல்ல மனசோடு சொன்ன பேச்சுதான். ஆனாலும் அருள்மேரிக்கு அது தொண்டையில் சிக்கிய முள்ளாக நின்றது.

“பெத்தவ வீட்டுல சோறு இறங்கலைன்னு பிள்ளத்தாச்சியத் திருப்பி அனுப்பவா? நான் உசுரோட இருக்கையிலயா? பாத்துருவோம்.”

அப்படித் தொடங்கியதுதான் கொழுக்கட்டை. குருணையும் கம்பு மாவும் சரிபாதி. முருங்கைக்கீரை ஒரு கை. ஓடு கெட்டிப்படக் கடற்கரை மட்டிச் சிப்பியை இடித்த பொடி. உடம்புச் சூட்டுக்குக் கொஞ்சம் மிளகு. எல்லாவற்றுக்கும் மேலாக, இன்னாசி கொண்டுவந்த காரல் மீன். உப்புப் போட்டால் கோழிக்கு ஆகாது. வெறும் மணலில் காயவைத்து உரலில் இடித்துச் சேர்த்தாள். பொழுது சாயும் நேரத்தில், கூண்டடையுமுன், வெதுவெதுப்பாகப் பிட்டுப் போட்டாள். இரைப்பை நிறைந்தால் ராக்குளிர் தெரியாது.

கோழிகள் அடித்துக்கொண்டு தின்றன. கிறிஸ்துமசுக்கு முந்தின வாரம் சிவப்பிக் கோழி முதலில் இட்டது. பிறகு ஒவ்வொன்றாக.

“பாத்தீகளா?” என்றாள் இன்னாசியிடம்.

“என் காரலு செஞ்ச வேலைடி அது” என்று மீசையைத் தடவினார்.

அவித்து உரித்துத் தட்டில் வைத்தாள். அனிட்டா ஒரு கடி கடித்தாள். கொல்லைக்கு ஓடினாள்.

“மீன் கவிச்சி அடிக்குதும்மா!”

“முட்டையிலயா? ஏண்டி, மசக்கையில எல்லாமே மீனாத் தெரியுதா?”

அருள்மேரி மோந்தாள். ஒன்றுமில்லை. இன்னாசி மோந்தார், பிட்டு வாயில் போட்டுக்கொண்டார், இன்னொன்றையும் போட்டுக்கொண்டார். “தங்கமா இருக்கு. எங்க இருக்கு கவிச்சி?” வேலிக்கு அந்தப்புறம் இருந்த பக்கத்து வீட்டுச் சபியாவைக் கூப்பிட்டு அருள்மேரி ஒன்றைக் கொடுத்தாள்.

“எனக்கு ஒண்ணும் தெரியலக்கா. ஆனா என் மூக்கைக் கேட்டு என்ன செய்ய? எங்க வீட்டுக்காரரு அல்லும் பகலும் கருவாட்டுக் கடையில கெடந்து வாராரு.”

“ரெண்டு வருசம் கடல் இல்லாத கரைக்காட்டுல இருந்ததுக்கே கடல்காரி மூக்கு மாறிப்போச்சோ!” என்று இன்னாசி மகளைச் சீண்டினார்.

“மூக்கு மாறலய்யா. இப்பத்தான் தொறந்திருக்கு” என்றாள் அனிட்டா, வாயைத் துடைத்துக்கொண்டே.

அதற்கப்புறம் அவள் முட்டைப் பக்கமே திரும்பவில்லை. தட்டைக் கண்டாலே முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். கிறிஸ்துமஸ் கேக்கில்கூட அந்த முட்டை வேண்டாம் என்றுவிட்டாள். அருள்மேரியும் விடவில்லை. தினம் ஒன்று அவித்துத் தட்டோரம் வைப்பாள். அது இன்னாசி வயிற்றுக்குப் போகும். ஒரு நாள் காலை, தோசைக்குத் தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டு வந்து பார்க்கிறாள், தட்டு காலி.

“அய்யாவுக்குக் குடுத்துட்டியா?”

“நாந்தாம்மா தின்னேன். இது நல்லாருக்கே. இன்னொண்ணு இருக்கா?”

அருள்மேரி தட்டருகே கிடந்த முட்டை ஓட்டைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். சிறுத்து, முனை கூர்ந்து, சுண்ணாம்பு நிறத்தில் இருந்தது. எந்தக் கோழி எப்படி இடும் என்பது அவளுக்கு மனப்பாடம். இது மொட்டைக்கழுத்தி இட்டது. மொட்டைக்கழுத்தி பாவம், சாது. கொழுக்கட்டை விழுந்ததும் சிவப்பி கொத்தி விரட்டிவிடும். அது வேலி நுழைந்து சபியா வீட்டு அரிசித் தவிட்டையும் புல்லையும் தின்றுவிட்டு வரும்.

அவள் கொல்லையில் போய் நின்றாள். சிவப்பி அவள் காலைச் சுற்றியது.

“ஏங்க, இங்கன வாங்க. பிள்ள சொன்னது நெசம்தான். உங்க காரலுதான் முட்டையில ஏறி உக்காந்திருக்கு.”

“என் மீனுல கவிச்சியா? மணல்ல காஞ்ச சரக்குடி அது! நாறுச்சுன்னா எனக்குத் தெரியாதா?”

“உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நம்ம ரெண்டு பேரும் அதுலயே ஊறிப்போனோம். நாளையிலேருந்து காரலு கெடையாது.”

“மீனை நிப்பாட்டினா முட்டையும் நின்னுரும், பாத்துக்க.”

“நிக்காது.”

“எப்படிச் சொல்ற?”

“நான் சொல்றேன்ல, நிக்காது.”

ராமநாதபுரம் செக்கிலிருந்து கடலைப் புண்ணாக்கு வந்தது. தட்டைப்பயறை வறுத்து உடைத்தாள். மீன்பொடி போன இடத்தில் அவை இரண்டும் சேர்ந்தன. அன்று சாயங்காலம் பிட்டுப் போட்டால், கோழிகள் சுற்றி நின்று ஒரு கண்ணால் கொழுக்கட்டையையும் மறு கண்ணால் அவளையும் பார்த்தன. சிவப்பி காலால் சீய்த்து மண்ணைத் தள்ளிவிட்டுப் போயே போய்விட்டது.

இன்னாசி வாசற்படியில் உட்கார்ந்து சிரித்தார். “அதுகளும் கடல்கார கோழிடி. மீன் இல்லாம எப்படி இறங்கும்?”

“பசிச்சா இறங்கும்.”

மறுநாள் பகல் தீனியைப் பாதியாகக் குறைத்தாள். மாவில் தேங்காய்ப் பூவும் ஒரு துண்டு கருப்பட்டியும் சேர்த்துப் பிசைந்தாள். சட்டியைத் திறந்தபோது வந்த மணத்துக்கு இன்னாசியே எட்டிப் பார்த்தார். இந்தத் தடவை சிவப்பியை ஒரு கூடையால் கவிழ்த்து மூடிவிட்டு, மொட்டைக்கழுத்திக்கு முதல் உருண்டையைப் போட்டாள். ஒன்று தின்பதைப் பார்த்து மற்றவை வந்தன. கூடைக்குள் கிடந்த சிவப்பி கத்திய கத்தில் சபியா வேலிக்கு வந்துவிட்டாள். கூடையைத் தூக்கியதும் அது பாய்ந்து விழுந்து தின்றது.

முட்டை கொஞ்சம் குறைந்ததே தவிர, நிற்கவில்லை. முதல் சில நாள் மொட்டைக்கழுத்தி முட்டையை மட்டும் அனிட்டாவுக்குக் கொடுத்தாள். மற்றவற்றில் தினம் ஒன்றை அவித்துப் பிட்டு மகள் மூக்கருகே நீட்டுவாள். “இருக்கும்மா.” மறுநாளும் “இருக்கு.” பிறகு, “லேசா.” ஒரு நாள் அனிட்டா மோந்துவிட்டு அப்படியே வாயில் போட்டுக்கொண்டாள். அன்றைக்கு அருள்மேரி தெருவில் போன மீன்காரியிடமெல்லாம் நின்று பேசினாள்.

பொங்கல் கழிந்து ஞானசவுந்தரி காரில் வந்து இறங்கினார். மருமகள் துணிமணிக்கென்று காலிப் பை ஒன்றும் கையோடு இருந்தது. அனிட்டாவின் முகத்தைப் பார்த்தார், கையைப் பிடித்துப் பார்த்தார்.

“கன்னத்துல சதை வச்சிருக்கு! என்ன தின்ன?”

“முட்டைதான் அத்தை. பிள்ளை எடை கூடியிருக்குன்னு டாக்டரம்மா சொல்லிட்டாக.”

“கடல்கரை முட்டையா? எங்க பக்கத்துல அத வாங்கவே மாட்டோமே. மீன் கவிச்சி அடிக்கும்.”

இன்னாசி அருள்மேரியைப் பார்த்தார். அவள் அதற்குள் அடுப்பிலிருந்து ஒன்றை எடுத்து, சுடச்சுட உரித்து, அறுத்து, மிளகு தூவிச் சம்பந்தியம்மாள் கையில் வைத்துவிட்டாள்.

“மோந்து பாருங்க மதினி.”

ஞானசவுந்தரி மோந்தார். சந்தேகமாக மறுபடியும் மோந்தார். ஓரத்தில் கடித்தார். மென்றார்.

“இன்னொண்ணு இருக்கா?” என்றார்.

“மருமகளைக் கூட்டிட்டுப் போக வந்தீகளே?”

“யாரு சொன்னா? பிள்ளைய ஒரு எட்டுப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்.” அவர் காலிப் பையை நீட்டினார். “இதுல அந்தக் கோழித் தீனி என்னவோ, அதைக் கொஞ்சம் போட்டுக் குடுங்க. எங்க வீட்டுலயும் நாலு கெடக்கு, மழைக்கு அப்புறம் ஒண்ணும் இடலை.”

“அதுக்கென்ன, சுடச்சுட அவிச்சே தாரேன். உக்காருங்க” என்று அருள்மேரி இட்லிச் சட்டியை அடுப்பில் ஏற்றினாள்.