பதிவில் ஏறாத புருவம்

பொழுது விடிவதற்கு முன்பே வசிதி மேட்டில் பாதி தூரம் ஏறிவிட்டாள். முதுகில் கோணிச் சாக்கு, சாக்குக்குள் லாரி பேட்டரி. இரவு பெய்த மழையில் செம்மண் வழுக்கியது. மரவள்ளிச் செடிகளைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். உச்சியிலுள்ள தகரக் கொட்டகையில்தான் சிக்னல் கிடைக்கும், அதனால் நான்காம் வகுப்பும் அங்கேதான். பேட்டரியை இறக்கி, கம்பிகளை மாட்டி, சோலார் தகட்டின் ஈரத்தை இடுப்பில் சுற்றிய சுலுத் துணியின் நுனியால் துடைத்தபோது தோள் எரிந்தது.

தலைநகர் சூவாவில் ஒரே ஒரு மதியம் பயிற்சி கொடுத்து, ஆளுக்கொரு பெட்டி டேப்லெட்டைக் கையில் திணித்து அனுப்பியிருந்தார்கள். பத்தொன்பது வருடம் சாக்பீஸ் பிடித்தவள், மீதியைத் தட்டுத் தடுமாறித் தானே கற்றாள். திமிங்கிலத்தின் இதயத்துடிப்பைப் பிள்ளைகளுக்கு ஒலிக்க விட்ட அன்று அவளுக்கே அந்தக் கருவியின் மேல் ஆசை வந்துவிட்டது.

வருகை எடுப்பது மட்டும் அவள் கையில் இல்லை. டேப்லெட்டிலிருந்து ஒரு பெண்குரல், "லுசியானா, வந்திருக்கிறாயா?" என்று கேட்கும். லுசியானா அதைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவாள். வந்தாச்சு என்று வசிதியும் நினைத்துக்கொள்வாள். பெரியவர் கேட்டால் புருவம் ஏறி இறங்குவதுதான் அங்கே 'ஆமாம்'. வாய்விட்டுக் கத்துகிற பிள்ளையை வளர்ப்பு சரியில்லை என்பார்கள். குரல் மூன்று விநாடி காத்திருந்துவிட்டு அடுத்த பெயருக்குப் போகும்.

பதிவு நேரே சூவாவுக்குப் போனது. ஐந்து தீவுகளில் பள்ளி நடத்தும் அறக்கட்டளை, மாதக் கடைசியில் அவளுக்குக் கடிதம் அனுப்பியது. வகுப்பில் முக்கால்வாசிப் பேர் வருவதே இல்லையாம். வருகிற ஆண்டு அவளுக்கு ஒப்பந்தம் கிடையாது, சூவாவிலிருந்தே திரையில் பாடம் நடக்கும்.

மேலாளர் அபெனிசாவை வீடியோவில் பிடித்தாள். அவரும் தீவில் பிறந்தவர்தான். ஆனால் அவர் கண் அறிக்கையை விட்டு எழவே எழாது.

"நான் பேசுறது கேக்குதா மேடம்?"

வசிதி புருவத்தை உயர்த்தினாள்.

"கேக்குதான்னு கேட்டேன். வாயில என்ன மரவள்ளிக்கிழங்கா?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒரு மாதம் கண்ணெதிரே நடந்ததைக் கவனிக்காமல் விட்டோமே என்று தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

"சார், பிள்ளைங்க தினமும் வந்தாங்க. புருவத்தாலதான் பதில் சொன்னாங்க. மிஷினுக்கு அது தெரியல."

"அப்ப நாளைலேர்ந்து வாயைத் தொறக்கச் சொல்லுங்க."

"நாளைக்குச் சரி. போன மாசத்துக்கு?"

"பதிவு பதிவுதான். டீச்சருங்க ஆளாளுக்குத் திருத்துறதுக்கா அதை வாங்கினோம்?"

கொட்டகையிலேயே உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து, தாவெயுனித் தீவுப் பள்ளியின் ராம்நரேஷ் மாஸ்டரைக் கூப்பிட்டாள். அவர் வகுப்பில் எல்லாம் இந்தி பேசும் வீட்டுப் பிள்ளைகள், கூரை அதிரப் பதில் சொல்பவர்கள். பதிவில் அவருக்குக் குறையே இல்லை. சூவாவில் இரண்டு மகள்களைப் படிக்க வைப்பவர் வேறு. நடந்ததை முழுக்கக் கேட்டார்.

"இன்னிக்கு உனக்குப் புருவம். நாளைக்கு எனக்கு எதையாவது புடிப்பான்," என்றார். "மத்தவங்ககிட்ட நான் பேசுறேன், தங்கச்சி."

மூன்று நாள் தீவுக்குத் தீவு போன் பறந்தது. வசிதிக்கு ஒப்பந்தம் தரும்வரை, பதிவைத் திருத்தும் உரிமை ஆசிரியருக்கு வரும்வரை, ஒருவரும் வருகிற ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதில்லை என்று முடிவானது.

வெள்ளிக்கிழமை வீடியோக் கூட்டத்தில் அபெனிசா தொண்டையைச் செருமினார். "ஒருத்தருக்காக மத்தவங்க பொழைப்பைக் கெடுத்துக்க மாட்டீங்கன்னு நம்புறேன். வசிதி மேடம் பக்கம் நிக்கிறவங்க யாராவது உண்டா?"

யாரும் வாய் திறக்கவில்லை. 'பதில் இல்லை' என்று திரையின் அடியில் எழுத்து வந்தது. அவர் குனிந்தபடியே அதைக் குறித்துக்கொள்ளப் போனார்.

"அறிக்கையைப் பாக்காதீங்க சார்," என்றாள் வசிதி. "எங்க மூஞ்சியைப் பாருங்க."

நிமிர்ந்தார். அவளைத் தவிரப் பதினைந்து பேர். பதினைந்து முகத்திலும் புருவம் உயர்ந்து நின்றது. ராம்நரேஷின் நரைத்த புருவம் எல்லோரையும்விட மேலே நின்றது. ஒருவரும் இறக்கவில்லை.

"நாங்க சொல்றது புரியுதா சார்?"

பிறந்த ஊர்ப் பழக்கம் விடுமா? அபெனிசாவின் புருவம் அவரைக் கேட்காமலே ஏறி இறங்கியது. சட்டென்று இணைப்பைத் துண்டித்தார்.

அறக்கட்டளை என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது. பதினைந்து ஒப்பந்தங்களும் கையெழுத்தில்லாமல் கிடந்தன.

திங்கட்கிழமை விடிகாலையில் வசிதி சாக்கைத் தூக்கக் குனிந்தாள். மறுமுனையைப் பிடிக்க லுசியானாவின் அப்பா வந்து நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர்.

"வகுப்பு உண்டுதானே மேடம்?" என்று கேட்டார்.

வசிதி புருவத்தை உயர்த்தினாள்.