மூடியில் எழுதிய பெயர்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் உதித்தது அல்ல, அக்காவின் ஈரத் தலையிலிருந்து வந்தது. ஒரு வியாழக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு அவள் ஆய்வுக்கூடத்திலிருந்து வீட்டுக்கு வந்தாள். வழக்கமாக ஆறு மணிக்கு முன்னால் வரவே மாட்டாள். தலை நனைந்திருந்தது. காலையில் போட்டுக்கொண்டு போன உடையைக் காணோம், யாரிடமோ இரவல் வாங்கிய தொளதொளச் சட்டை.

"என்னக்கா இது கோலம்?"

"ஒண்ணுமில்லடா, மேல ஏதோ கொட்டிடுச்சு" என்றபடியே கைப்பையிலிருந்து என் மாத்திரை டப்பாவை எடுத்து நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன்.

அந்த "வாங்கிக்கொண்டேன்" முக்கியம், மறந்துவிடாதீர்கள். ஒன்பது நாள் கழித்து எனக்கு இருமல் வந்தது. இன்று காலை நெஞ்சை ஸ்கேன் எடுத்தார்கள். நான்கிலிருந்து ஆறு மணிக்குள் டாக்டர் ஃபோன் செய்வார். இப்போது நான்கு பத்து. எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன், வேறு உயர்ந்த காரணம் எதுவும் கிடையாது.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "பூஞ்சைக்கு வாய் கிடையாது, ஆனால் அதன் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஓயாத பேச்சு நடந்துகொண்டே

(பாதியில் விட்டேன். பேச்சுப்போட்டியில் மூன்றாம் பரிசு வாங்கப்போவதுபோல் இருந்தது.)

இரண்டாவது தொடக்கம்: "அக்கா வேண்டுமென்றே செய்யவில்லை."

(இதையும் விட்டேன். அப்படிச் சொன்னாலே உங்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். பாருங்கள், வந்துவிட்டது.)

3

அக்கா என்ற பாத்திரத்தின் மேல் எனக்கே நம்பிக்கை வரவில்லை. கதைக்காக அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறாள். பத்தொன்பது வருடமாகப் பூஞ்சை வளர்க்கிறாள். மூன்று வருடத்துக்கு முன் என் கிட்னி இரண்டும் கைவிரித்தபோது தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். "வாடகைக்கு இல்லடா, சொந்தமாவே குடுத்துட்டேன். ஒழுங்கா வச்சுக்கோ" என்றாள், ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு.

அவள் எனக்குச் சொந்தம். ஆனால் அவள் கிட்னி என் உடம்புக்கு அந்நியம். உள்ளே இருக்கும் காவலாளிகள் அதைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளப் பார்ப்பார்கள். காலையும் மாலையும் நான் விழுங்குகிற மாத்திரை அவர்களைத் தூங்கவைக்கிறது. அவர்கள் தூங்குவதால் கிட்னி பிழைக்கிறது. அவர்கள் தூங்கும்போது வேறு யார் உள்ளே வந்தாலும் கேட்பார் இல்லை. மற்றவர்களுக்குத் தும்மலோடு போகிற தூசு, என் நுரையீரலில் வேர் விட்டுவிடலாம்.

4

இந்தப் பகுதியில் கொஞ்சம் பாடம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள், இது தெரியாவிட்டால் நடந்தது புரியாது.

நேற்று அக்கா காலண்டர் தாளின் பின்பக்கம் வட்டம் போட்டுக் காட்டினாள்.

"இது ஒரு செல். ஓரத்துல ஒரு புரதம் உக்காந்திருக்கு. வெளியிலிருந்து சேதி வந்தா இது முழிச்சுக்கும். முழிச்சிருக்கிற வரைக்கும் உள்ள ஒரே பேச்சுதான், வளரு வளருன்னு. அப்போ பூஞ்சை இழை இழையா நீளும். வித்து போடாது."

"வித்துன்னா விதையா?"

"விதை மாதிரின்னு வச்சுக்கோ. தூசைவிடச் சின்னது, காத்துல பறக்கும். இப்ப இன்னொரு புரதம் இருக்கு. அதோட வேலை பிரேக் போடறது. முதல் புரதத்தை அணைச்சுடும். வளர்ந்தது போதும், கிளம்புன்னு அர்த்தம். அப்பதான் பூஞ்சை லட்சக்கணக்குல வித்து போடும்."

"பிரேக் இல்லன்னா?"

"வெள்ளைப் பஞ்சு மாதிரி வளந்துட்டே போகும். வித்தே கிடையாது. கடைசியில தானே கரைஞ்சு போயிடும்."

பிரேக் புரதத்தை நீக்கிய பூஞ்சைக்கு ஆய்வுக்கூடத்தில் "பஞ்சு" என்றே பெயர். பஞ்சு இருக்கிற பிளேட்டை, அதாவது மூடி போட்ட சின்ன வட்டத் தட்டை, சாதாரண மேஜையில் திறந்துவிடுவார்களாம், பறக்க ஒன்றும் இல்லாததால். மாற்றாத பூஞ்சையைப் பாதுகாப்புப் பெட்டிக்குள் மட்டும்தான் திறக்க வேண்டும்.*

(* வாசித்துப் பார்த்து அக்கா சொன்ன திருத்தம்: "பஞ்சா இருந்தாலும் பெட்டிக்குள்ளதான் திறக்கணும். நாங்கதான் சோம்பேறித்தனமா வெளிய திறக்க ஆரம்பிச்சுட்டோம். அதையும் எழுது.")

5

ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த முதல் நாளே சொல்லித்தரும் விஷயம் ஒன்று உண்டு. பிளேட்டின் பெயரை அடியில் எழுது, மூடியில் எழுதாதே. மூடி இடம் மாறும், அடி மாறாது. அக்கா இதைச் சொல்லாத ஆள் அங்கே கிடையாது.

அந்த வியாழக்கிழமை பஞ்சு ஒன்று, மாற்றாதது ஒன்று என இரண்டு பிளேட்டைப் பெட்டிக்குள் வைத்திருந்தாள். அடிப்பக்கம் ஈரமாக இருந்தது. பேனா வழுக்கியது. "அஞ்சு நிமிஷ வேலைதானே" என்று மூடியில் எழுதினாள். உள்ளே முத்துமுத்தாக நீர் கோத்திருந்ததால் இரண்டு மூடிகளையும் பெட்டிக்குள் கழற்றித் துடைத்து மாட்டினாள். மாற்றி மாட்டினாள். ஃபோன் வந்தது, பேசப் போனாள். திரும்பி வந்தபோது மூடிகள் மறுபடி பனி பிடித்து உள்ளே எது என்று தெரியவில்லை. மூக்குக்கண்ணாடி தலைமேல் இருந்தது. "பஞ்சு" என்று எழுதியிருந்ததை எடுத்து மேஜைக்குக் கொண்டுவந்து திறந்தாள்.

பச்சையாகப் புகைந்ததாம். அத்தனையும் வித்து.

ஓடிப்போய்க் குளித்தாள், உடையை மூட்டைகட்டினாள், அறையைப் பூட்டச் சொன்னாள். எல்லாம் சரியாகச் செய்தாள். அந்த மேஜையின் ஓரத்தில் அவளுடைய கைப்பை வாய் திறந்து கிடந்ததை மட்டும் மறந்துபோனாள். அதற்குள் எனக்காகக் காலையில் வாங்கிய மாத்திரைகள். காவலாளிகளைத் தூங்கவைக்கிற அதே மாத்திரைகள்.

நான் முதல்முறை இருமியபோதுதான் அவளுக்குப் பை ஞாபகம் வந்தது. "அந்த டப்பாவை எங்கடா வச்ச?" என்றாள். தலைமாட்டில், என்றேன்.

(இந்தப் பகுதியை நீக்கிவிடுவதாக இருந்தேன். வித்து எங்கும் பறக்கிறது, தெருவில், பழைய ரொட்டியில், ஜன்னல் திரையில். எங்கிருந்து வந்தது என்று யார் கண்டது? அக்காதான் தடுத்தாள். "அதை அடிச்சு எடுத்துடாதடா. டாக்டர்கிட்ட நானே எல்லாத்தையும் சொல்லிட்டேன். எந்தப் பூஞ்சைன்னு தெரிஞ்சாத்தான் எந்த மருந்துன்னு அவங்களுக்குத் தெரியும்.")

6

நான்கு ஐம்பது. இன்று பன்னிரண்டு தடவை இருமியிருக்கிறேன். நான் இருமும்போதெல்லாம் சமையலறையில் தண்ணீர்க் குழாய் நிற்கிறது. அக்கா காது கொடுத்துக் கேட்கிறாள். பிறகு மறுபடி திறக்கிறாள். கழுவப் பாத்திரம் எதுவும் மிச்சமில்லை, எனக்குத் தெரியும்.

இந்தக் கதைக்குப் பிரேக் இல்லை என்று உங்களுக்கே புரிந்திருக்கும். எழுதுகிற வரை ஃபோன் அடிக்காது என்று ஒரு நப்பாசை. ஆனால் நிறுத்தத் தெரியாதது கரைந்துபோகும் என்று நானே நாலாம் பகுதியில் எழுதிவைத்துவிட்டேன். அதனால் இரண்டு முடிவுகளை இரண்டு தாள்களில் எழுதினேன்.

ஒன்றில் டாக்டர் "வெறும் சளிதாங்க" என்கிறார். அக்கா தரையில் உட்கார்ந்து அழுகிறாள். நான் அவளைக் கிண்டல் செய்கிறேன்.

மற்றதில் டாக்டர் "உடனே வந்து அட்மிட் ஆகுங்க" என்கிறார். காவலாளிகளை எழுப்ப மாத்திரையை நிறுத்துகிறார்கள். எழுந்தவர்கள் முதலில் அக்காவின் கிட்னியைத்தான் பிடிக்கிறார்கள். அதற்கு மேல் எழுத வரவில்லை. சாவைவிட எனக்கு அதுதான் பயம். கொடுத்ததும் அவள், எடுத்ததும் அவள் என்று ஆயுளுக்கும் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இரண்டு தாள்களையும் மடித்து, வெளியே "நல்லது" என்றும் "மற்றது" என்றும் எழுதி மேஜைமேல் வைத்தேன். அக்கா வந்து பார்த்தாள்.

"நீயும் மூடியிலயே எழுதியிருக்கியேடா!"

எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இத்தனை நாளில் முதல் சிரிப்பு. சிரித்ததில் எனக்கு இருமல் கிளம்பியது, நிற்கவே இல்லை. அக்காவின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள்.

7

குழாய் நின்றுவிட்டது. இந்தமுறை நான் இருமவில்லை.

ஃபோன் அடிக்கிறது.

"நீ எடுடா" என்று சமையலறை வாசலிலேயே நிற்கிறாள்.

"நீ எடுக்கா."

எடுக்க வேண்டுமானால் பேனாவைக் கீழே வைக்க வேண்டும். கீழே இடம் விட்டிருக்கிறேன். முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், எதுவாக இருந்தாலும். இரண்டு விஷயம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் அக்காவை வாசலில் நிற்க விடாதீர்கள், என் பக்கத்தில் உட்காரவையுங்கள். பெயரை அடியில் எழுதுங்கள்.