ஏழாம் நம்பர் அறைக்குப் பச்சை வளையல்

இங்கிலாந்தில் மார்ல்ஃபோர்டு என்றொரு சின்ன ஊர். அங்கே மழை தூறுகிறதா, விட்டுவிட்டதா என்பது அந்த ஊர்க்காரர்களைவிடத் தாராவி மாரீஸ்வரிக்கு நன்றாகத் தெரியும். செம்பூரில் ஓர் ஆபீஸ் மாடியில் இரண்டு கம்ப்யூட்டர் திரைகளுக்கு முன்னால் அவள் உட்கார்ந்திருப்பாள். ஒரு திரையில் அந்த நாட்டு வானிலை, இன்னொன்றில் அறைகளின் படங்கள். வெளியே வெயிலில் தார் உருகிக்கொண்டிருக்கும். இவளோ காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "காலையில் கொஞ்சம் தூறல்தான் மேடம், சீக்கிரம் வெளுத்துவிடும், எதற்கும் ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஆங்கிலத்தில் கரிசனத்தைக் கொட்டுவாள்.

பிரிட்டனில் உள்ள பழைய சத்திரங்களுக்கு அறை பதிவு செய்து கொடுப்பது அந்தக் கம்பெனியின் தொழில். சத்திரம் என்றதும் கல்யாணச் சத்திரத்தை நினைத்துவிடக் கூடாது. கீழே பீர் குடிக்கிற கூடம், மேலே தங்குகிற அறைகள். குனியாமல் நுழைந்தால் நெற்றியில் கொழுக்கட்டை வீங்கும். தரை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வுக்கும் சேர்த்துத்தான் வாடகை. எந்த ஜன்னலில் சர்ச் கோபுரம் தெரியும், எந்த ஊர்க் கோட்டை திங்கட்கிழமை பூட்டியிருக்கும், எந்த மேட்டில் நடந்தால் ஆட்டுமந்தை குறுக்கே வரும், எல்லாம் மாரீஸ்வரிக்குத் தண்ணீர் பட்ட பாடு. "நீ அங்கே தங்கியிருக்கிறாயா கண்ணு?" என்று போனில் பாட்டிமார் கேட்பார்கள். "இன்னும் இல்லை" என்பாள். அந்த 'இன்னும்' என்ற சொல்லில்தான் அவள் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது.

ஏனென்றால் வருஷத்துக்கு ஒருவரைக் கம்பெனி தன் செலவில் அங்கே அனுப்பும். விற்கிற சரக்கைக் கண்ணால் பார்த்துவிட்டு வரட்டும் என்று. மாரீஸ்வரி அதற்காகவே பாஸ்போர்ட் எடுத்துப் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருந்தாள். போட்டிக்கு இருந்தவன் பக்கத்து நாற்காலி ஜெப்ரி. சீத்தா கேம்ப் குடியிருப்புப் பையன், சர்ச்சில் பாடிப் பாடித் தேறிய ஆங்கிலம். அவன் 'குட் ஆஃப்டர்நூன்' சொன்னால் அந்தப் பக்கம் எழுந்து நிற்பார்கள்.

ஜெப்ரியையாவது சமாளிக்கலாம், வீட்டில் அம்மா சொர்ணம்மாளைச் சமாளிக்க முடியுமா? தோல் பை தைக்கும் பட்டறையில் மெஷின் மிதிக்கிறவள். மெஷினைப் போலவே ஒரே தையல்தான் பேசுவாள்.

"கல்யாணத்த முடி. பொறவு ஒன் மாப்பிள்ள கூட லண்டனுக்குப் போ, லட்சத்தீவுக்குப் போ. கன்னி கழியாத பிள்ளய கடலத் தாண்டி அனுப்பிட்டு நான் இங்க எப்படிட்டி தூங்குவேன்?"

"ஒரே வாரம்தாம்மா."

"அம்பர்நாத்துல இருந்து மாப்பிள்ள வீட்டுக்காரங்க கேட்டா என்ன சொல்ல? பிள்ள சத்திரம் பாக்கப் போயிருக்குன்னா?"

அப்பா தளவாயின் ஓட்டு எப்போதும் அம்மா பெட்டியில்தான் விழும். ஆகவே அந்த வழக்கு அத்தோடு தள்ளுபடி.

நிலைமை இப்படி இருக்கையில், ஒரு செவ்வாய்க்கிழமை பெம்பர்டன் அம்மாளின் போன் வந்தது. மார்ல்ஃபோர்டில் 'மூன்று நாரைகள்' என்ற சத்திரத்தை நடத்துகிறவள். அந்தச் சத்திரம் மாரீஸ்வரியின் பொறுப்பு.

"ஏழாம் நம்பர் அறையின் பதிவுகளையெல்லாம் ரத்து செய்" என்று அந்த அம்மாள் கத்தினாள். "நேற்று வந்த தம்பதி போர்வையோடு ஓடிப்போய்க் காரில் படுத்திருக்கிறார்கள். குழாய் தானாகத் திறக்கிறது. அலமாரி தானாக அடித்துக்கொள்கிறது. ஆலிஸ் இந்த வருஷம் அடங்கவே மாட்டேன் என்கிறாள்!"

ஆலிஸ் யார் என்று கேட்க வேண்டியதே இல்லை. ஏழாம் நம்பர் அறையின் பேய். கல்யாணம் நிச்சயமாகி, அது நடப்பதற்குள் காய்ச்சலில் செத்துப்போன சத்திரக்காரர் மகள். அந்த நாட்டில் பேய் இருப்பதை யாரும் மறைப்பதில்லை. குளிக்கத் தொட்டி உண்டு, காலை உணவு உண்டு, பேய் உண்டு என்று விளம்பரத்திலேயே போடுவார்கள். சனிக்கிழமைதோறும் கூடத்தில் அவள் கதையைச் சொல்லிச் சிரித்து பீர் குடிப்பதும் உண்டு. மாரீஸ்வரிக்கு அது முதல் நாளிலிருந்தே உறுத்தல்தான். அவள் வீட்டுப் பரணில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. அப்பாவின் அத்தை ஒருத்தி வயசுக்கு வந்து, வாழாமல் செத்தவள், அவர்கள் வீட்டுக் கன்னி. வருஷத்துக்கொரு முறை பெட்டியை இறக்கி, புதுச் சிற்றாடை, வளையல், சீப்பு, கண்ணாடி எல்லாம் வைத்து, சர்க்கரைப் பொங்கல் படைத்துக் கும்பிடுவார்கள். பிறகு அவளால் யாருக்கும் தொந்தரவு கிடையாது. வீட்டுப் பிள்ளைக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

ஏழாம் அறை போனால் பதிவுக் கணக்கு சரியும், கூடவே பயணமும் போகும். பதறிய பதற்றத்தில் கம்பெனி சொல்லிக்கொடுத்த வசனமெல்லாம் மறந்து போயிற்று.

"மேடம், இத்தனை வருஷமாக அவளுக்கு நீங்கள் என்ன கொடுத்திருக்கிறீர்கள்?"

"பேய்க்கா? நான் என்ன கொடுப்பது?"

"அதுதான் கோபம். கல்யாணப் பெண் மேடம். புதுத் துணி வேண்டாமா, வளையல் வேண்டாமா, ஒரு இனிப்பு வேண்டாமா? அவள் கதையைச் சொல்லிக் காசு பார்க்கிறீர்கள், அவள் கைக்கு ஒரு வளையல் வாங்கித் தரவில்லை! போனை ஸ்பீக்கரில் போட்டு அந்த அறைக்குள் வையுங்கள்."

பெம்பர்டன் அம்மாளும் வேறு வழி தெரியாமல் வைத்தாள். மாரீஸ்வரி எழுந்து நின்றாள். இந்தப் பக்கம் ஆபீசே திரும்பிப் பார்த்தது. அவளுக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. ஆங்கிலத்தில் தொடங்கி, இரண்டாவது வரியிலேயே தாராவிக்கு வந்துவிட்டாள்.

"ஏட்டி ஆலிசு, நல்ல பிள்ளயா அடங்கி இரு என்னா? இவுக விவரம் தெரியாதவுக. நான் வருவேன். பச்ச வளையல் வாங்கிட்டு வந்து நானே ஒன் கையில போடுவேன். இது நேர்ச்ச. அதுவர கொழாயத் தொடாத."

சொன்னால் நம்பமாட்டீர்கள், அன்றிலிருந்து குழாய் கம்மென்று ஆகிவிட்டது. பெம்பர்டன் அம்மாள் கடையிலிருந்து ஒரு பச்சை ரிப்பனும் கேக் துண்டும் வாங்கி ஜன்னலில் வைத்தாள். தங்க வந்தவர்கள் அதைப் பார்த்து மயங்கி, தாங்களும் ஆளுக்கொரு சீப்பு, குட்டிக் கண்ணாடி என்று வைக்கத் தொடங்கினார்கள். ஏழாம் நம்பருக்கு அடிபிடி. அக்கம்பக்கத்துச் சத்திரக்காரர்களுக்குச் சேதி போய், யார்க்ஷயரிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். அவருடைய மாடிப்படியில் தலையில்லாத சிப்பாய் ஒருவன் இரவெல்லாம் நடக்கிறானாம். "அவருக்குச் சுருட்டு, சாராயம், அவித்த முட்டை" என்றாள் மாரீஸ்வரி, டாக்டர் மாத்திரை எழுதுகிற மிடுக்கில். விஸ்கி உண்டு, முட்டை உண்டு, ஆனால் கட்டடத்துக்குள் புகைபிடிக்கச் சட்டம் இடம் தராதே என்று அவர் தயங்க, "பற்ற வைக்காமல் வெளி ஜன்னலில் வையுங்கள், அவர் பார்த்துக்கொள்வார்" என்றாள். ஜெப்ரியும் சும்மா இருக்கவில்லை. வேல்ஸில் ஒரு துறவிப் பேய்க்கு மெழுகுவர்த்தியும் ஜெபமும் சிபாரிசு செய்தான்.

"பாதிரியாருக்கெல்லாம் நீ சுருட்டு குடுத்துராத மாரி, அது எங்க டிபார்ட்மெண்ட்" என்றான்.

மாரீஸ்வரி தரையில் கால் பாவாமல் மிதந்தாள். தாதர் ஸ்டேஷன் நெரிசலில் இடிபடும்போதுகூடத் தோளில் படுவது ஆட்டுமந்தை என்று தோன்றிச் சிரிப்பு வந்தது.

அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை டீம் லீடர் சஃப்ரீன் எல்லாரையும் கூப்பிட்டுக் கேக் வெட்டினாள். போகப்போவது ஜெப்ரி.

"மாரீ, உன் கால் ரெக்கார்டிங்கை மேலிடத்தில் கேட்டாங்க" என்று தனியே அழைத்துச் சொன்னாள். சஃப்ரீனுக்கும் மனசு சங்கடம்தான். "கஸ்டமர் ரூமில் பேய்கிட்ட பேசியிருக்கே. பாகல் ஹை க்யா, பைத்தியமா உனக்கு? வேலை போகாமல் நான் காப்பாத்தினதே பெரிசு."

மாரீஸ்வரி கேக் தட்டை அப்படியே மேஜையில் வைத்தாள். ஜெப்ரி வந்து கைகொடுத்தபோது வாழ்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டுப் பாத்ரூமுக்குப் போய் அழுதாள். வீட்டுக்கு வந்தும் அழுகை நிற்கவில்லை. அம்மா தட்டை வைத்துவிட்டு என்ன ஏதென்று கேட்க, அழுகையோடு அழுகையாக எல்லாம் கொட்டிவிட்டது: பயணம், ஆலிஸ், வளையல், நேர்ச்சை.

சொர்ணம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்ன சொன்ன? நேந்துக்கிட்டியா? கன்னிக்கா?"

"ஆமா."

"நேர்ல வந்து போடுதேன்னு வாயால சொன்னியா?"

"ஆமாம்மா."

"அட பாதகத்தி! கன்னிக்கு நேந்துட்டு செய்யாம உடுவாளா ஒருத்தி? அவ கல்யாணத்துக்கு ஏங்கிச் செத்தவ. ஏமாத்துனா ஒன் கல்யாணத்துலதான் வந்து நிப்பா!" அவள் முகம் வெளிறிவிட்டது. "நீ போய்த்தான் ஆவணும். யாரு தடுக்கான்னு பாப்போம்."

இத்தனை நாள் தடுத்தது யார் என்று சொல்ல மாரீஸ்வரி வாயெடுத்து, புத்திசாலித்தனமாக மூடிக்கொண்டாள். தளவாய் தன் ஓட்டைச் சத்தமில்லாமல் இடம் மாற்றிக்கொண்டார்.

திங்கட்கிழமை மத்தியானம் சொர்ணம்மாள் பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு, தானே தைத்த தோல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, செம்பூர் ஆபீசுக்கு வந்து சஃப்ரீனின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்துவிட்டாள். வாட்ச்மேன் தடுத்துப் பார்த்துத் தோற்றுப்போய்ப் பின்னாலேயே வந்து நின்றான்.

"மேடம், லட்கி கோ பேஜ்னா படேகா" என்றாள், பேரம் பேசாத கடைக்காரி மாதிரி. பெண்ணை அனுப்பித்தான் ஆகவேண்டும், வேறு பேச்சில்லை.

சஃப்ரீன் விளக்கினாள், மேலிடம் என்றாள், டிக்கெட் ஜெப்ரி பேரில் என்றாள். சொர்ணம்மாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, முதலிலிருந்து அதே வாக்கியத்தைச் சொன்னாள். மாரீஸ்வரிக்குப் பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது. அப்போது அவள் லைன் அடித்தது. பெம்பர்டன் அம்மாள்.

"மறுபடியும் ஆரம்பித்துவிட்டாள்!" குரல் நடுங்கிற்று. "வரப்போவது ஒரு பையன் என்று உங்கள் கம்பெனி எழுதியிருக்கிறதே? நீ வருகிறாய் என்றல்லவா நான் ஏழாம் அறையில் சொல்லி வைத்திருந்தேன்! அதைக் கேட்டதிலிருந்து குழாய் நிற்கவில்லை."

சஃப்ரீன் ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். ஆபீஸ் முழுக்கக் கூடிவிட்டது.

"யாருட்டி அது, சத்திரக்காரியா?" என்று சொர்ணம்மாள் போனருகே குனிந்தாள். "கேளு, அந்தப் பிள்ளைக்குக் கை எவ்வளவு பருமன் இருக்கும்? வளையல் அளவு தெரியணும்லா?"

மாரீஸ்வரி மொழிபெயர்த்தாள்.

"அது உன் அம்மாவா?" பெம்பர்டன் அம்மாளின் குரல் இளகிவிட்டது. "உன் வயசுதான் அவளுக்கு என்று சொல்லு. உன் கை அளவே சரியாக இருக்கும். உங்கள் அதிகாரி அங்கே இருந்தால் இதையும் கேட்கட்டும்: இந்தப் பெண் வராவிட்டால் என் சத்திரத்தை உங்கள் கம்பெனியிலிருந்து எடுத்துவிடுவேன். யார்க்ஷயர்க்காரரும் எடுத்துவிடுவார். கொஞ்சம் இருங்கள், ஆலிஸ் சொல்வதை நீங்களே கேளுங்கள்."

எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். நாலாயிரத்துச் சொச்சம் மைலுக்கு அப்பால் ஒரு குழாய் 'சோ'வென்று திறந்துகொண்டது. வாட்ச்மேன் நெஞ்சில் கை வைத்தான். ஜெப்ரி சிலுவை போட்டுக்கொண்டான். சொர்ணம்மாள் போனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். குழாய்ச் சத்தத்துக்கு முன்னால் யாரோ செருப்புக் காலோடு மெதுவாக நடந்துபோன சத்தத்தை மாரீஸ்வரி ஒருத்திதான் கவனித்தாள். அதை அவள் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"சஃப்ரீன், ப்ளீஸ், அவளயே அனுப்பிருங்க" என்றான் ஜெப்ரி. "நான் அங்க போயி ஷவருக்கு அடியில நிக்கையில அவ கொதிதண்ணியத் தொறந்துவிட்டா எங்கம்மா யாருகிட்ட போயி கேப்பா? எனக்கு அடுத்த வருஷம் வேல்ஸ் போதும்."

சஃப்ரீன் மேலிடத்துக்குப் போன் போட்டாள். இரண்டு சத்திரங்கள் போகும் என்றதும் மேலிடத்துக்குப் பேயிடம் மரியாதை வந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் பேர் மாறிற்று. மாரீஸ்வரி நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றி, ஜெப்ரியின் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்து, மறுபடி அழுதாள். இந்த அழுகை வேறு.

விசா வந்த அன்றைக்கு அம்மாவும் மகளும் தாராவியில் வளையல் கடைக்குப் போனார்கள். சொர்ணம்மாள் பச்சைக் கண்ணாடி வளையலாக ஒரு டஜன் எடுத்து, சோப்பு நுரை தடவி, மகளின் கையைப் பிடித்து ஒவ்வொன்றாக ஏற்றினாள். அளவு கச்சிதம். கழற்றுவாள் என்று மாரீஸ்வரி கையை நீட்டிக்கொண்டே நின்றாள். சொர்ணம்மாள் கழற்றவில்லை. குலுக்கிப் பார்த்தாள், சத்தத்தைக் கேட்டாள், கடைக்காரரிடம் அதே அளவில் இன்னொரு டஜன் கட்டச் சொன்னாள்.

"இது ஒனக்கு, அது அவளுக்கு" என்றாள். "பிறந்த வீட்டு வாசல் தாண்டாமலே போய்ச் சேந்திருப்பா பாவம். கோட்டை, ஆறு, ஆடு மாடு, எல்லாம் நல்லாச் சுத்திப் பாத்துட்டு, பொறவு போயி அவகிட்ட ஒக்காந்து ஒண்ணு விடாம சொல்லு. அம்மாதான் ரெண்டு பேருக்கும் வாங்கிக் குடுத்தான்னும் சொல்லிரு."