பீப் சத்தம் கேட்கும் வரை

...இல்லை, வேறு யாருடையதாவது இருக்கும், எண் கொஞ்சம் ஒத்துப்போவது உலகத்தில் நடக்காததா என்ன, என்று அவள் பட்டியலில் இருந்த எண்ணை மறுபடி முதலிலிருந்து படித்தாள், பதினொரு இலக்கமும் அப்படியே இருந்தன, அவளே வாங்கிப் பதிவு செய்த எண், அப்பாவின் காது மெஷின்தான். முந்தாநாள் காலை ஏழு பத்துக்குப் புது அப்டேட்டை வாங்கிக்கொண்டு ஊமையாய்ப் போன பழைய மெஷின்களில், முந்தைய பதிப்பைத் திருப்பி அனுப்பியும் உயிர் வராத நாற்பத்தொன்றில் ஒன்று. சோதித்துப் பார்த்து, அனுப்பலாம் என்று கையெழுத்துப் போட்டவள் அவள்தான்... பழைய மெஷினில் சோதித்தாயிற்று என்ற வரியில் சும்மா டிக் அடித்ததும் அவள்தான். அலுவலகத்தில் பழையது ஒன்றுகூட இல்லை, அலமாரி அலமாரியாகத் தேடினார்களே, வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை, வீட்டில் அப்பா காதிலேயே இருந்தது. ஏன் கேட்கவில்லை? கேட்டால், எதுக்கும்மா, எப்ப திருப்பித் தருவே, கெட்டுடாதே என்று அரை மணி நேரம் பதில் சொல்ல வேண்டும், யாருக்கு அந்தப் பொறுமை, புதுசில் ஓடுவது பழசில் ஓடாமல் எங்கே போய்விடும் என்று... அடிப்பாவி.

பக்கத்து நாற்காலிக்காரன் மீட்பு வழிமுறையை உரக்கப் படித்தான், அதுவும் அவள் எழுதியதுதான். "பீப் சத்தம் கேட்கும் வரை பட்டனை அழுத்திப் பிடிக்கவும்... ஏங்க, மெஷினே செத்துக் கிடக்கு, அவங்களுக்கு பீப் எப்படிங்க கேக்கும்? செவிடன் காதுல சங்கு ஊதின கதையால்ல இருக்கு!" சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான், பாவம், அப்பா விஷயம் அவனுக்குத் தெரியாது. புது மெஷினில் அழுத்திச் சோதித்தபோது பீப் அவளுக்குக் கேட்டது, அறையில் இருந்த ஐந்து பேருக்கும் கேட்டது, கேட்காத ஒருத்தரைக் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லையே... "பத்து எண்ணும் வரைன்னு மாத்திடும்மா," என்றார் மேனேஜர், "யானைக்கும் அடி சறுக்கும், விடு." விடு என்றால் எதை விடுவது?

மாற்றி எழுதி முதலில் அப்பாவுக்கு அனுப்பினாள். கண்ணாடியைத் தேடி எடுத்துப் படிப்பார், படிக்காவிட்டால் சாயங்காலம் போய் அவளே அழுத்திவிடலாம், அது ஒன்றும் பெரிய காரியமில்லை. புகார்ப் பட்டியலைத் திறந்தாள். முதல் புகார் அன்றைக்கு ஏழு இருபதுக்கு, யாரோ ஒரு மகன், அம்மாவைக் கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்கறாங்க, என்னமோ ஆயிடுச்சு, சீக்கிரம் பாருங்க... பத்து நிமிடம். பத்தே நிமிடத்தில் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது. அவளும் அப்பாவும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள், இரண்டு சாயங்காலம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள், அவர் தட்டைக்கூட அவள்தான் எடுத்து வைத்தாள். என்ன பேசினாள்? ஏதாவது கேட்டிருப்பாள், மாத்திரை போட்டீங்களா, கதவைப் பூட்டினீங்களா... கேட்டிருந்தால் பதில் வராதது தெரிந்திருக்குமே. அப்பாவாவது வாயைத் திறந்து, எனக்கு ஒண்ணும் கேக்கலையேம்மா என்று சொல்லியிருக்கக் கூடாதா... ஒருவேளை அவருக்கும் தெரியவில்லையோ, வீடு எப்போதும் போலத்தான் இருந்ததோ?